குளிரில் ஸ்டார்ட் எடுக்காத பழைய சன்னி: வெள்ளவத்தையில் வைத்துத் தேடிப் பிடித்தது

தைப்பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம் ஹட்டன் பாதையால் நுவரெலியாவுக்கு ஏறினோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், டிக்கி நிறையச் சாமான். கார் 1987ஆம் ஆண்டு நிசான் சன்னி பி12. 'ட்ராட் சன்னி' என்றால் இலங்கையில் எல்லோருக்கும் விளங்கும். கினிகத்தேனை ஏற்றத்தில்கூட அது சோரவில்லை. மாமா வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

பொங்கல் விடியல் ஐந்தரைக்குக் கோயிலுக்குப் போக வெளிக்கிட்டோம். புல்லின் மேல் வெள்ளையாகப் பனி. வாசலில் தொங்கிய வெப்பமானி 7 பாகை காட்டியது. திறப்பைத் திருப்பினேன். கொழும்பில் 'கிர்ர்' என்று சுற்றிப் பிடிக்கிற எஞ்சின், இங்கே 'ர்ர்... ர்ர்... ர்ர்...' என்று ஒவ்வொரு சுற்றுக்கும் மூச்சு வாங்கியது. பத்து விநாடி அடித்தும் ஒரு வெடிப்புக்கூட இல்லை. நாலாவது தடவைக்குப் பிறகு 'டிக்' சத்தம் மட்டும்தான்.

பக்கத்து வீட்டு லொறிச் சாரதி வந்து பார்த்தார். "உயரத்துல பெற்றோல் கூடிப் போகுதுங்க. ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுக்கிட்டே அடிங்க" என்றார். மாமாவும் "ஆமா மாப்பிள்ளை, இங்க எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க" என்றார். வேறொரு காரிலிருந்து பற்றரிக்கு வயர் போட்டு, சொன்னபடி மிதித்துக்கொண்டு அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சரிவில் தள்ளி இறக்கி, இரண்டாவது கியரில் கிளச்சை விட, இருமி இருமிப் பிடித்தது. கோயிலில் பொங்கல் பொங்கி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். பகல் முழுக்க ஒரு குறையும் இல்லை. அடுத்த நாள் விடிய, அதே கதை.

மூன்றாம் நாள் அவசரப்படாமல் டோர்ச் லைட்டோடு அரை மணி நேரம் முன்னதாகவே இறங்கினேன். அந்த அரை மணி நேரத்தில் கைபேசியில் குறித்துவைத்த நாலு வரியை வைத்துத்தான் பிறகு எல்லாமே கண்டுபிடித்தேன். குறை நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்தில் பார்த்து எழுதிவைத்ததற்கு ஈடாகக் கராஜில் எதுவும் கிடைக்காது. அந்த வரிகள் இவை. பற்றரி ஓய்வில் 12.3 வோல்ட். சுற்றுவது மிக மெது. பத்து விநாடி அடித்த பிறகு கழற்றிப் பார்த்த ஸ்பார்க் பிளக் நான்கும் காய்ந்திருக்கின்றன, பெற்றோல் மணமே இல்லை. பிளக்கை எஞ்சின் உடலில் தொடவைத்து அடித்தால் நெருப்பு வருகிறது, ஆனால் மஞ்சளாக, மெலிந்து.

பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது காபரேட்டர். இந்தக் காரின் ஹிட்டாச்சி காபரேட்டரில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. மிதவைக் கிண்ணத்தின் முகத்தில் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்திருப்பார்கள். டோர்ச் அடித்துப் பார்த்தேன். பெற்றோல் அடையாளக் கோட்டில் நின்றது. ஆக, பம்ப் வேலை செய்கிறது, கிண்ணத்தில் பெற்றோல் இருக்கிறது, ஆனால் சிலிண்டருக்குள் போகவில்லை.

காய்ந்த பிளக் சொன்ன செய்தி பெரியது. பெற்றோல் கூடி எஞ்சின் முங்கியிருந்தால் பிளக் நனைந்து, கழற்றும்போதே மூக்கில் அடிக்கும். இங்கே குறை நேர்மாறானது. பெற்றோல் போதவில்லை. அப்படியிருக்க ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு அடித்தால் காற்றுக் கதவு அகலத் திறந்து, உள்ளே போகிற கொஞ்சநஞ்சக் கலவையும் இன்னும் மெலிந்துபோகும். முங்கிய எஞ்சினைக் காயவைக்கும் வைத்தியத்தை வரண்ட எஞ்சினுக்குச் செய்திருக்கிறோம்.

அந்தச் சாரதி சொன்னது முழுப் பிழையும் இல்லை, அதனால்தான் அது என்னை இரண்டு நாள் வழிமாற்றியது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதன் ஐந்தில் நாலு பங்குதான். கொழும்புக்கு என்று அளந்து வைத்த காபரேட்டர் ஜெட், அதாவது பெற்றோல் வரும் சின்னத் துளை, அங்கேயும் ஏறக்குறைய அதே பெற்றோலை விடும், காற்று மட்டும் மெலிந்திருக்கும். அதனால் சூடான எஞ்சின் அங்கே கொஞ்சம் கறுப்பாகப் புகைக்கும், நின்றபடி ஓடும்போது தடுமாறும். இது உண்மை. ஆனால் இரவு முழுக்கக் குளிரில் கிடந்த எஞ்சினின் சங்கதி வேறு. இரண்டையும் ஒரே பையில் போட்டால் விடை கிடைக்காது.

கொழும்புக்கு இறங்கினோம். அடுத்த நாள் காலை வெள்ளவத்தையில், வீட்டுக்கு முன்னால், 27 பாகையில், திறப்பைத் திருப்பினேன். அரைச் சுற்றில் பிடித்தது. கிருலப்பனையில் எங்கள் கார்களை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணையிடம் கொண்டுபோனேன். மூன்று தரம் ஸ்டார்ட் எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில ஒண்டும் இல்ல. மலைநாட்டுக் குளிர்தான். பழைய காருக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த கார் யப்பானில், இதைவிடக் கடுமையான குளிர் விழும் நாட்டில் வடிவமைத்தது. 7 பாகை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. குளிரில் நிற்கிறது என்றால் கொழும்பிலும் அந்தக் குறை இருக்கிறது, வெக்கை அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன். அப்படியானால் நுவரெலியாவுக்குத் திரும்பப் போகாமலே, அளந்தால் கண்ணில் பட வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். 2025இல் மறுபடி திறந்துவிட்டும் எங்கள் கைக்கு எட்டும் விலையில் ஒன்றும் இல்லை. இந்த காரைத்தான் வைத்திருக்கப் போகிறேன், அதை வடிவாக வைத்திருக்க விரும்புகிறேன்.

குறையை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். ஒன்று, எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டாரான ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது. மற்றது, சுற்றினாலும் பிடிக்கவில்லை. பக்கத்து காரிலிருந்து வயர் போட்டுச் சுற்றியபோதும் பிடிக்கவில்லை என்பதால் இரண்டாவது குறை தனியாக இருக்கிறது என்பது நிச்சயம்.

முதலில் சுற்றுவது. பற்றரியைக் கழற்றி இரவு முழுக்கச் சார்ஜ் போட்டேன். காலையில் 12.6 வோல்ட் நின்றது. நிறைந்த பற்றரிக்கு அது சரியான கணக்கு. எஞ்சின் ஓடும்போது 14.1. ஆகவே ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரும் சரி. இனி பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கும் இக்னிஷன் கொயிலுக்குப் போகும் வயரைக் கழற்றி, எஞ்சின் பிடிக்காதபடி செய்துவிட்டு, மகனைத் திறப்பைத் திருப்பச் சொல்லி, பற்றரி முனைகளில் மீட்டரை வைத்தேன். சுற்றும்போது 10.1 வோல்ட். 9.6க்குக் கீழே இறங்காவிட்டால் பரவாயில்லை என்பது பொதுக்கணக்கு. இத்தோடு நிறுத்தியிருந்தால் 'பற்றரி நல்லது' என்று எழுதிவிட்டு ஸ்டார்ட்டரைக் கழற்றப் போயிருப்பேன்.

ஆனால் பற்றரியில் 10.1 இருப்பதும் ஸ்டார்ட்டருக்கு 10.1 போய்ச் சேருவதும் ஒன்றல்ல. மீட்டரின் ஒரு கையை ஸ்டார்ட்டரின் தடித்த கேபிள் பூட்டியிருக்கும் போல்ட்டிலும் மறு கையை ஸ்டார்ட்டரின் உடலிலும் வைத்து மறுபடி சுற்றவைத்தேன். 9.0. வழியில் 1.1 வோல்ட் காணாமல் போகிறது.

எங்கே போகிறது என்று தேட ஒரு எளிய வழி இருக்கிறது. பழைய காரோடு வாழ்கிற எல்லோரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். மீட்டரை வோல்ட்டில் வைத்து, மின்சாரம் போகும் பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனையிலும் கைகளை வைத்துச் சுற்ற வேண்டும். நல்ல கேபிளில் ஏறக்குறைய பூச்சியம் காட்டும். எந்தத் துண்டு எண் காட்டுகிறதோ அங்கேதான் மின்சாரம் வீணாகிறது. பற்றரியின் நேர்முனையிலிருந்து ஸ்டார்ட்டர் போல்ட் வரை 0.3 வோல்ட். அந்தப் பக்கம் 0.5 வரை பொறுக்கலாம். எதிர்முனையிலிருந்து கார் உடல் வரை 0.08. நல்லது. கார் உடலிலிருந்து எஞ்சின் வரை 0.74.

அந்த ஒரு துண்டுதான் எஞ்சின் எர்த் பட்டை. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. உடலுக்கும் அதற்கும் நடுவே மின்சாரம் போக இருப்பது அந்தப் பின்னிய செப்புப் பட்டை ஒன்றே. அந்தத் துண்டுக்கு 0.2 வோல்ட்டுக்குமேல் இருக்கக்கூடாது. கீழே படுத்துப் பார்த்தால் வெளிப்பார்வைக்குப் பட்டை முழுசாகத்தான் தெரிந்தது. கழற்றியபோது முனைக் கண்ணுக்குள் பச்சைப் பொடி கொட்டியது, பாதி இழைகள் விரலோடு வந்தன. எங்கள் வீடு மெரின் டிரைவுக்கு இரண்டு வளவு தள்ளி. உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்கிற இடம். பதினைந்து வருஷமாக இந்த கார் அந்தக் காற்றில்தான் நிற்கிறது.

ஏன் ஓம் மீட்டரில் இது பிடிபடாது என்றால், 0.74 வோல்ட்டை ஸ்டார்ட்டர் இழுக்கும் ஏறக்குறைய 150 ஆம்பியரால் வகுத்துப் பாருங்கள். ஓர் ஓமின் ஆயிரத்தில் ஐந்து பங்கு வரும். சாதாரண மீட்டரின் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 ஓம் காட்டும். அதற்குள் இந்த ஐந்து பங்கு முழுகிப் போய்விடும். கழற்றாமல், பாரம் ஏற்றி, வோல்ட்டில் பார்த்தால்தான் தெரியும்.

பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் 25 சதுர மில்லிமீற்றர் கேபிளை அளவுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் செப்புக் கண் வைத்து அழுத்தித் தந்தார்கள். போல்ட் உட்காரும் இடங்களைச் சாண்ட் பேப்பரால் பளபளக்கத் தேய்த்து, பூட்டிய பிறகு மேலே கிறீஸ் பூசினேன். உப்புக்காற்றுக்கு அந்தப் பூச்சு அவசியம். மறுபடி அளந்தால் 0.09. ஸ்டார்ட்டரில் 9.5 வோல்ட். பற்றரியில் 10.1 இருந்தது 10.0 ஆகியிருந்தது. பழுது வந்துவிட்டதோ என்று ஒரு கணம் யோசித்தேன். தடை குறைந்ததால் ஸ்டார்ட்டர் இப்போது கூடுதல் மின்சாரம் இழுக்கிறது, அதனால் பற்றரி சற்றுக் கூடக் குனிகிறது, அவ்வளவுதான். காதுக்கே வித்தியாசம் கேட்டது.

பற்றரிக்கும் ஒரு சொல். அது இரசாயனத்தில் ஓடும் சாமான். 27 பாகைக்கு அண்மையில் முழு வலுவோடு இருப்பது, உறைநிலையில் அண்ணளவாக மூன்றில் இரண்டு பங்கு வலுவைத்தான் தரும். வாங்கும்போது நாங்கள் எல்லோரும் பார்ப்பது ஆம்பியர்-மணி எண்ணைத்தான். ஒட்டுத்தாளில் சிசிஏ என்று இன்னொரு எண் இருக்கும். −18 பாகையில் 30 விநாடிக்கு, 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதன் அளவு அது. கொழும்பில் யாரும் அதைக் கேட்பதில்லை. ஒரு பற்றரிக் கடையில் சோதனைக் கருவி வைத்துப் பார்த்தேன். ஒட்டுத்தாளில் 330, கருவியில் 225. வயது மூன்றரை வருஷம். கடைக்காரர் மாற்றச் சொன்னார். அப்போதைக்கு மாற்றவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது குறை என்பது கடைசிவரை தெரியாமல் போய்விடும்.

சரி, இனி இரண்டாவது குறை. சுற்றினாலும் பிடிக்காதது.

எயார் கிளீனரின் மூடியைத் திறந்து காபரேட்டருக்குள் பார்த்தேன். மேலே இருக்கும் சோக் தகடு, அதாவது குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்க மூட வேண்டிய கதவு, நெட்டுக்குத்தாக, முழுதாகத் திறந்து நின்றது. விரலால் தள்ளினால் அசையவில்லை. டோர்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது, சோக் நெம்பில் மெல்லிய செப்புக் கம்பி ஒன்று சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டியது யார், எப்போது என்பது மெதுமெதுவாக நினைவுக்கு வந்தது.

2022. பெற்றோல் இல்லாத வருஷம். கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டில் பெற்றோல் வாங்கும் முறை தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று தந்தார்கள். ஒவ்வொரு லீற்றரையும் எண்ணிய நாட்கள் அவை. அப்போது நானே கிருலப்பனைக்குப் போய், "அண்ணை, எப்படியாவது பெற்றோல் குறையச் செய்து தாங்கோ" என்று கேட்டேன். அவர் காபரேட்டரைத் துப்புரவாக்கி, சோக்கைத் திறந்தபடி கட்டி, அதற்குப் போகும் மின்வயரையும் கழற்றி டேப் சுற்றி விட்டிருக்கிறார். கொழும்புக்கு அது பொருத்தமான வைத்தியம்தான். அந்த நேரத்து நெருக்கடியில் செய்தது. நெருக்கடி போன பிறகும் கம்பி இருந்துவிட்டது, நாங்கள் இருவரும் மறந்துவிட்டோம்.

சோக் என்ன செய்கிறது என்பதைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். பெற்றோல் திரவமாக எரியாது, அதன் ஆவிதான் எரியும். சூடான எஞ்சினில் எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் போதும். குளிர்ந்த எஞ்சினில் பெற்றோலின் இலேசான பகுதி மட்டும் ஆவியாகும், மீதி குழாய்ச் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். எரிவதற்குப் போதிய ஆவி வேண்டுமென்றால் அதைப்போலப் பல மடங்கு பெற்றோலை அனுப்ப வேண்டும். சோக் தகடு காற்று வழியை அடைக்கும்போது எஞ்சினின் உறிஞ்சல் முழுவதும் பெற்றோல் ஜெட்டின் மேல் விழுந்து கூடுதலாக இழுக்கும். கொழும்பின் 27 பாகையில் சோக் இல்லாமலே சமாளிக்கலாம். அதோடு, ஸ்டார்ட் எடுக்க முன் ஆக்சிலேட்டரை இரண்டு தரம் அழுத்தும் பழக்கம் எனக்கு இருந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் காபரேட்டர் ஒரு சொட்டுப் பெற்றோலை உள்ளே பீச்சும். என் அந்தப் பழக்கம்தான் இரண்டரை வருஷமாகச் சோக்கின் வேலையைச் செய்திருக்கிறது.

இந்த இரண்டு குறையும் ஒன்றுக்கொன்று துணைபோனதையும் கவனிக்க வேண்டும். எர்த் கெட்டதால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் உறிஞ்சல் குறையும், பெற்றோல் இன்னும் குறையும். ஸ்டார்ட்டர் வோல்ட்டை இழுத்துக் குடிப்பதால் கொயிலுக்குப் போவதும் குறைந்து நெருப்பு மஞ்சளாகும். நுவரெலியாவில் பார்த்த மெலிந்த நெருப்புக்கு அதுதான் காரணம். கொழும்பில் அதே பிளக்கில் அது நீலமாக வந்தது.

கம்பியை வெட்டினேன். தகடு அப்படியே நின்றது. வருஷக்கணக்காக அசையாமல் இருந்ததால் அச்சில் பிசின் படிந்திருந்தது. காபரேட்டர் கிளீனரை அடித்து, விரலால் மெதுவாக ஆட்டி, அடித்து, ஆட்டி, ஒரு மணி நேரத்தில் தானாக விழும் அளவுக்கு இலகுவாக்கினேன். பலத்தைப் பிரயோகித்தால் அச்சு வளையும். இந்த இடத்தில் பொறுமை வேண்டும்.

அடுத்த கேள்வி, குளிர்ந்தால் தகடு தானாக மூடுமா என்பது. இந்தச் சோக்கின் வட்டப் பெட்டிக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள் இருக்கிறது. குளிரில் அது ஒரு பக்கம் முறுகித் தகட்டை மூடும், சூட்டில் மறுபக்கம் தளர்ந்து திறக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் சின்ன மின்சூடாக்கி அதைச் சூடாக்கும். ஆனால் கொழும்பில் 7 பாகைக்கு எங்கே போவது?

வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரரிடம் ஒரு பை ஐஸ் வாங்கிவந்தேன். காபரேட்டர் வாய்க்குத் துணி அடைத்து, உருகிய தண்ணீர் உள்ளே போகாதபடி பொலித்தீன் சுற்றி, ஐஸ் பையைச் சோக் பெட்டியில் ஒட்டக் கட்டினேன். மனைவி சமையலறை ஜன்னலால் பார்த்து, "காருக்குக் காய்ச்சலோ அப்பா?" என்று பெரியவள் கேட்பதாகச் சொன்னா. இருபது நிமிடம் பொறுத்துத் துணியை எடுத்து, ஆக்சிலேட்டர் நெம்பை ஒரு தரம் இழுத்து விட்டேன். அந்த ஒரு தரம் முக்கியம். அப்படி இழுத்தால்தான் குளிரில் எஞ்சினை வேகமாக ஓடவைக்கும் நெம்பு விலகித் தகட்டை விடும். தகடு மெதுவாகச் சாய்ந்து முக்கால்வாசி மூடி நின்றது. சந்தோசமாக இருந்தது, ஆனால் முக்கால் போதாது. பெட்டி மூடியின் மூன்று ஸ்குரூவையும் தளர்த்தி, யாரோ ஒரு ஓரத்துக்குத் திருப்பிவைத்திருந்த அடையாளத்தை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். மறுபடி ஐஸ். இந்தத் தடவை தகடு முழுதாக மூடியது.

மூடினால் மட்டும் போதாது, எஞ்சின் பிடித்த அடுத்த கணமே கொஞ்சம் திறக்கவும் வேண்டும். இல்லையென்றால் இப்போதுதான் உண்மையாகவே முங்கும். அதற்கென்று வெற்றிடத்தில் இழுபடும் சின்ன ரப்பர்ச் சவ்வு ஒன்று உண்டு. அதன் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பார்த்தேன். தகட்டை ஒரு விரல்நுனி அளவு திறந்து, பிடித்தபடி நின்றது. சவ்வு ஓட்டையில்லை. பிறகு டேப்பை உரித்து மின்வயரைப் பூட்டினேன். திறப்பு போட்டு எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது அந்த வயரில் மின்சாரம் இல்லை, ஓடும்போது 13.9 வோல்ட். அப்படித்தான் இருக்க வேண்டும். திறப்பு போட்டதுமே சூடாகினால், எஞ்சின் பிடிக்க முன்னரே சோக் திறந்துவிடும்.

மறுநாள் விடிய ஐந்து மணிக்கு ஒரு தரம் மிதித்து, காலை எடுத்துவிட்டு, திறப்பைத் திருப்பினேன். உடனே பிடித்து வேகமாக ஓடியது. மூன்று நாலு நிமிடத்தில் தகடு நிமிர்ந்தது, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேகம் இறங்கியது.

இரவில் முன்மூடியைத் திறந்து, லைட் எல்லாம் அணைத்து, பிளக் வயர்களில் தண்ணீர் தெளித்து ஓடவிட்டும் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரின் வயரில் நீலப் பொறி ஊர்ந்தது. நுவரெலியா மூடுபனிக்கு இது ஆகாது. நான்கு வயரையும், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் மாற்றினேன்.

ஒயில் விஷயத்தில் கிருலப்பனை அண்ணையோடு கொஞ்சம் விவாதம். எஞ்சினுக்குள் இருந்தது 20டபிள்யூ-50. "தம்பி, பழைய எஞ்சினுக்குத் தடிச்ச ஒயில்தான் சரி. மெல்லிசு போட்டா எரிச்சுத் தள்ளும்" என்றார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் 20டபிள்யூ என்ற எண் −15 பாகையில் வைத்துச் சோதிப்பது, 10டபிள்யூ −25இல் வைத்துச் சோதிப்பது. குளிரில் எஞ்சினைச் சுற்றவிடுவதில் இரண்டுக்கும் நல்ல இடைவெளி உண்டு. மற்றப் பக்கம் பின்னால் இருக்கும் 50, 40, 30 என்பது சூட்டில் எவ்வளவு தடிப்பு என்பது. கொழும்பு வெயிலுக்கும் ஹட்டன் ஏற்றத்துக்கும் நடுவில் 10டபிள்யூ-40 என்று முடிவெடுத்தேன். 30க்கு இறங்க மனம் வரவில்லை. இதுவரை 1,500 கிலோமீற்றர் ஓடிவிட்டது, அளவுகோலில் ஒயில் கண்ணுக்குத் தெரிய இறங்கவில்லை.

அன்று அந்தச் செப்புக் கம்பியையும் அவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். "ஓம், இது என்ர கட்டுத்தான்" என்றார். கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த நேரம் இன்னும் நாலைஞ்சு காருக்குக் கட்டினனான். வரச்சொல்லி எடுத்துவிடுறன்" என்றார். பிழையைக் கண்டதும் அடுத்தவருடைய காரை நினைக்கிற ஆள். அதனால்தான் இத்தனை வருஷமாக அவரிடம் போகிறேன்.

மாசி நடுவில் மறுபடி மாமா வீட்டுக்கு ஏறினோம். பழைய பற்றரியோடுதான். வேண்டுமென்றே காரை அதே முற்றத்தில், அதே இடத்தில் நிறுத்தினேன். காலை ஐந்தே முக்காலுக்கு வெப்பமானி 8 பாகை. பற்றரியில் மீட்டரைக் கௌவவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் தெரியும்படி வைத்தேன். ஒரு தரம் மிதிப்பு. திருப்பினேன். மீட்டர் 9.4க்கு இறங்கியது, இரண்டு விநாடி சுற்றியது, பிடித்தது. மாமா போர்வையோடு வாசலில் நின்று, "என்ன மாப்பிள்ளை, தள்ள வேணாமா?" என்றார். அடுத்த நாளும் அப்படியே.

சூடான பிறகு நின்றபடி ஓடும்போது கொஞ்சம் தடுமாறியது. அது அந்தச் சாரதி சொன்ன உயரத்தின் வேலை. காபரேட்டர் ஸ்குரூவில் கைவைக்கவில்லை. அங்கே சரிசெய்தால் கொழும்பில் கெடும், வருஷத்தில் 360 நாள் கார் ஓடுவது கொழும்பில்தான். இறங்கி அவிசாவளை வரும்போது எஞ்சின் வழக்கம்போல ஓடியது.

இனி மிச்சம் பற்றரி மட்டும். 9.4 என்பது பிடித்துவிட்டாலும் ஓரத்தில் நிற்கிற எண். வருகிற மார்கழிக்கு முன் மாற்றுவேன், இந்தத் தடவை சிசிஏ எண்ணைப் பார்த்து.